புதுக் கம்ப்யூட்டர் குறித்துத் தம்பியிடம் ஒரு முறையீடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உன்மேல் எனக்குள்ள கோபத்தால் இந்த விருப்பம் சிறிதும் குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுத வரவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லா மேசைகளுக்கும் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, மேனேஜர் என்னிடம் மட்டும் தனியாக வந்து, "உங்களுக்கு வேணும்னா பழசையே வெச்சுக்கலாம்மா" என்றார். நானும் பழசோடு இருந்துவிடுவதாகத்தான் இருந்தேன். அன்று சாயங்காலம் போனில் நீதான், "பழசைக் கட்டிக்கிட்டு அழாதேக்கா. புதுசுல கத்துக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை" என்றாய். நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன். கண்ணால் பார்த்து வேலை செய்கிறவனும்கூட. முதலாவதை நினைத்துக்கொண்டேன், இரண்டாவதை மறந்துவிட்டேன். மறுநாளே பழைய கம்ப்யூட்டரை ஸ்டோர் ரூமுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து வைப்பதை ஹெட்போனில் கேட்டு அறிக்கையாக டைப் செய்வது என் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கண் தெரியாத எனக்குக் கம்ப்யூட்டர் என்றால், அதிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் குரல்தான். பழைய குரல் ஒரு பெண். மூக்கால் பேசுவாள். அவசரமென்றால் நான் அவளை விரட்டுவேன், பக்கத்தில் இருப்பவர்கள் வண்டு பறக்கிறதா என்று கேட்கும் வேகத்தில் படிப்பாள், எனக்கு ஒரு சொல்கூடத் தவறாது. புதிதில் வந்திருப்பவன் ஆண். மிக மரியாதையானவன். எதைத் தொட்டாலும் அது இன்னது, இன்ன இடத்தில் இருக்கிறது, இன்னின்ன செய்யலாம் என்று முழுவதும் எடுத்துச் சொல்லாமல் விடமாட்டான். முதல் நாள் என் பெயரை டைப் செய்து உள்ளே போவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது, அவனோ பொறுமை இழக்காமல் நான் அழுத்திய ஒவ்வொரு தவறான எழுத்தையும் எனக்கே படித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழையதில் கீழ் அம்பை அழுத்தினால் ஒரு வரி இறங்கும், அவ்வளவுதான். இதில் பெயர், தேதி, அறிக்கை என்று எல்லாமே அறைக்குள் அறை. ஒவ்வோர் அறைக்குள் போகவும் இரண்டு விசைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைத் தட்ட வேண்டும், வெளியே வரவும் அதேபோல வேறொன்று. வெளியே வராமலேயே அடுத்ததைத் தேடினால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், ஒவ்வொரு முட்டுக்கும் அவன் 'டொக்' என்று ஓர் ஒலி கொடுப்பான். ஒருநாள் டீ இடைவேளையில் பக்கத்து மேசைக்காரி வந்து, "வாங்கக்கா, டீ ஆறிடும்" என்றாள். "வர முடியலைம்மா, உள்ளே மாட்டிக்கிட்டேன்" என்றேன். "எதுக்குள்ளேக்கா?" "தேதிக்குள்ளே." அவள் போய் டீயை என் மேசைக்கே கொண்டு வந்து வைத்தாள்.

விரல்களின் கதை அதைவிட மோசம். தலைப்பைப் படிக்கச் சொல்ல நான் வழக்கமாக அழுத்துகிற விசைகளுக்கு இதில் 'அனுப்பு' என்று பொருள். விரலுக்கு அது எப்படித் தெரியும்? 'நோயாளியின் வயிற்றில்' என்கிற இடத்தோடு ஓர் அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. அறுவை சிகிச்சை டாக்டர் போனில் கூப்பிட்டு, கொஞ்சமும் சிரிக்காமல், "வயித்துல என்னம்மா?" என்று கேட்டார். இப்படி இன்னும் சில. பிறகு மேனேஜர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க ஏன் இவ்வளவு சிரமப்படணும்? டெலிபோன் மேசையில உக்காந்துடுங்களேன். அங்க டென்ஷன் கிடையாது" என்றார். அவர் கெட்டவரில்லை, அதுதான் இன்னும் வலித்தது. இத்தனை வருஷமாக இந்த மேசைக்கு வருகிறவர்கள் அறிக்கை எங்கே என்று கேட்பார்களே தவிர, நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்டதில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத வேண்டாம்.

மறுநாள் காலையில் நடந்ததைக் கேள். இதய நோயாளி ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, கூடவே போக வேண்டிய அறிக்கை என் கையில். பாதி டைப் செய்திருக்கும்போது விரல் எங்கோ பட்டு அந்த மரியாதைக்காரன் புதிதாக ஏதோ சொன்னான். எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பவன்தானே என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறிக்கையை வாங்க வந்த நர்ஸ், "அக்கா, உங்க கம்ப்யூட்டர் செத்துப் போச்சு" என்றாள். எனக்கு ஹெட்போனில் அவன் தெளிவாகப் படித்துக்கொண்டிருக்கிறான், "இல்லையே, உயிரோடதானே இருக்கு" என்கிறேன், அதற்குள் அவள் ஆள் அனுப்ப, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லோரும் கேபிள் என்று கூப்பிடுகிறவர், மேனேஜரோடு வந்துவிட்டார். ஒயர்களை ஆட்டிப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணிட்டு எடுத்துட்டுப் போயிடறேன் மேடம்."

"கை வைக்காதீங்க. இன்னும் சேவ் பண்ணலை. பாதி அறிக்கை உள்ளே இருக்கு."

"உள்ளே ஒண்ணும் இல்லைங்க. ஸ்கிரீனே இருட்டா இருக்கு."

"எனக்கு என்னைக்கும் அப்படித்தாங்க இருக்கு."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. ஹெட்போன் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினேன். அவனுடைய குரல், 'இரத்த அழுத்தம் சீராக உள்ளது' என்று அறை முழுவதும் கேட்டது. நான் மீதி வரிகளை அடித்தேன். ஓர் அறையிலிருந்து வெளியே வந்து இன்னொன்றுக்குள் போய், அங்கிருந்து பிரிண்ட் இருக்கும் அறைக்குள் போனேன். ஒரு 'டொக்'கூடக் கேட்கவில்லை. மூலையில் பிரிண்டர் இருமத் தொடங்கியது. நர்ஸ் காகிதத்தை உருவிக்கொண்டு ஓடினாள். ஆம்புலன்ஸ் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை என் கை மேசையை விட்டு எழவில்லை.

கேபிள் ஒரு நாற்காலி போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. அது என்ன சொல்லுதுன்னு நீங்க சொல்லுங்க, போன்ல தேடிப் பாக்கறேன்" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் தேடினார். கண் தெரியாதவர்கள் டைப் செய்வதைப் பிறர் எட்டிப் பார்க்காமலிருக்கத் திரையை மறைக்கிற வசதி ஒன்று இதில் இருக்கிறதாம். நான்தான் அதை அழுத்தித் தொலைத்திருக்கிறேன். அவர் சொன்ன விசைகளை அழுத்தினேன். "வந்துடுச்சு" என்றார், என்னைவிட அவருக்குத்தான் நிம்மதி. மேனேஜர் டெலிபோன் மேசை பற்றி அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

இதனால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. முன்பெல்லாம் டைப் செய்யும்போது நோயாளியைப் பற்றி நினைப்பேன். இப்போது கதவுகளைப் பற்றி நினைக்கிறேன். இது எனக்குப் பிடிக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருப்பதாகக் கேபிளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே வருகிற சனிக்கிழமை நீ நேரில் வந்து, மேனேஜரிடம் பேசி, அதை என் மேசையில் வைத்துவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும். இதில் எனக்கு மறுயோசனை கிடையாது.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். உனக்கு ஆயுளும் ஆரோக்கியமும் பெருகட்டும், பிறருக்கு யோசனை சொல்லும் ஆசை மட்டும் குறையட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை முடித்துவிட்டு எழுந்தபோது போன் வந்தது. வேறோர் ஆஸ்பத்திரியில் இதே வேலை செய்யும் ஓர் அம்மா, என்னைவிட மூத்தவர், அவருக்கும் கண் தெரியாது. அங்கேயும் மாற்றுகிறார்களாம், முடியாவிட்டால் வேலையை விட்டுவிடச் சொல்லி வீட்டில் சொல்கிறார்களாம். "ரொம்பக் கஷ்டமாம்மா? மறைக்காம சொல்லு" என்றார். "கஷ்டமா? எனக்கு ஒரு சிரமமும் இல்லைங்க, ரொம்ப சுலபம்" என்றேன். அவர் பெரிதாக மூச்சு விட்டு, சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகையால் நீ அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் தலை காட்ட வேண்டாம். வீட்டில் அத்தானோடு பேசிக்கொண்டிரு, வேலையை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.