பாகற்காய் வறுவல் வைத்து நடத்திய கூட்டம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு காரியம் வேண்டாம் என்று நான்கு பேர் சொன்னால், ஐந்தாவது ஆளையும் தேடிப் பிடித்து அவர் வாயாலும் 'வேண்டாம்' சொல்ல வைத்துவிட்டு, அதையே செய்து முடிப்பேன்.

சங்கரன்கோவிலில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் மென்பொருள் கம்பெனியின் கிளை இருக்கிறது. எட்டுப் பேர். நான்தான் டீம் லீட். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எது நன்றாகப் போனது, எது சொதப்பியது என்று மனம்விட்டுப் பேச ஒரு கூட்டம் நடத்த வேண்டும். அதற்கு ரெட்ரோ என்று பெயர். எங்கள் ரெட்ரோ நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். "எல்லாம் நல்லாத்தான் போகுதுக்கா" என்று எட்டுப் பேரும் (என்னையும் சேர்த்துத்தான்) சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

சென்னையில் இருக்கும் மேனேஜர் சந்திரசேகர் சாருக்கு இது பிடிக்கவில்லை. "வாயே திறக்காத டீமை அவ்வளவு தூரத்துல வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அடுத்த ரெட்ரோவுக்கு நேர்ல வர்றேன். அப்பவும் இப்படித்தான்னா எல்லாரும் சென்னைக்கே வந்துடுங்க" என்றார்.

கணவருக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. நான் எட்டு வருஷம் சென்னையில் ஹாஸ்டல் சாம்பாரோடு மல்லுக்கட்டிவிட்டு ஊர் திரும்பியவள். விடுவேனா?

இணையத்தில் தேடினேன். கப்பல் பயணம், கால்பந்து என்று ஏதாவது ஒன்றை விளையாட்டாக வைத்து ரெட்ரோ நடத்தினால் பேசாதவர்களும் பேசுவார்களாம். நான் பந்தியைத் தேர்ந்தெடுத்தேன். எல்லோருக்கும் வாழை இலை. கேசரி வேண்டுமானால் ஒரு நல்லது சொல்ல வேண்டும். பாகற்காய் வறுவல் வேண்டுமானால் ஒரு குறை. அப்பளத்துக்கு ஒரு யோசனை.

"சோத்தப் போட்டுட்டுக் குறை சொல்லுன்னா நம்மூர்ல எவன் சொல்லுவான்?" என்றார் கணவர்.

"அக்கா, வேண்டாம்க்கா. ஒரு தாள்ல எழுதிப் போடச் சொல்லுவோம்" என்றாள் கடையநல்லூரிலிருந்து வரும் ஃபாத்திமா.

நான் மூன்று கிலோ பாகற்காய் வாங்கினேன்.

அன்றைக்கு மதியம் ஆபீஸ் தரையில் பந்தி விரித்தேன். இறுக்கமான ஜீன்ஸோடு சம்மணமிட முடியாமல் மேனேஜர் முதல் இலையில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். கேசரி ஓடியது. "காத்து நல்லா வருதுக்கா." "தண்ணி கேன் நேரத்துக்கு வருது." அடுத்து பாகற்காய் வாளியோடு கிளம்பினேன். நான் குனிவதற்கு முன்பே ஒவ்வொருவரும் இலையைக் கையால் மறைத்தார்கள். "வேண்டாம்க்கா, போதும்க்கா." விடியுமுன் எழுந்து சமைத்துக் கொண்டுவந்தவளிடம், அவள் போட்ட சாப்பாட்டைத் தின்றுகொண்டே எப்படிக் குறை சொல்வார்கள்? கணவர் சொன்னதேதான். மேனேஜர் செல்போனை எடுத்துவிட்டார். சென்னை ரயில் என் கண்முன்னே வந்து நின்றது.

கடைசி இலை சுடலைமுத்துவுடையது. மேலநீலிதநல்லூர்ப் பையன், நாங்கள் எழுதும் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். இரண்டு வருஷத்தில் என்னிடம் அவன் பேசியது 'சரிக்கா' ஒன்றுதான். இப்போது அவன் கண் வாளியை விட்டு நகரவில்லை.

"மொறுமொறுன்னு இருக்கேக்கா."

"குறை சொன்னாத்தாம்லே கெடைக்கும்."

யோசித்தான். "ஃபேன் சத்தம் போடுது."

ஒரு கரண்டி வைத்தேன். நிமிர்வதற்குள் இலை காலி.

"இன்னொரு கரண்டிக்கா?"

"இன்னொரு குறை."

"வெள்ளிக்கிழம சாயங்காலம் புது வெர்ஷன் ரிலீஸ் வைக்காதீங்க. எது பழுதாகுமோன்னு சனிக்கிழம பூரா போனக் கையில வச்சிக்கிட்டே திரியுதேன்."

மேனேஜர் போனைக் கீழே வைத்தார். சுடலைமுத்து இலையை வழித்துவிட்டு மூன்றாவது கரண்டிக்கு வந்தான்.

"காலைக் கூட்டம் பத்து நிமிசம்னு நிக்க வச்சி, முக்கா மணி நேரம் பேசுதீங்க. காலு கடுக்குது."

நான் சிரித்தபடியே பரிமாறினேன். (அந்தச் சிரிப்பை யாரும் படம் எடுக்கவில்லை, நல்லவேளை.)

நான்காவது கரண்டிக்கு அவன் தயங்கினான். வாளியைப் பார்த்தான், சொல்லிவிட்டான். "யாராவது வாயத் தொறந்தா, 'அத அப்புறம் பேசுவோம்'ங்கீங்க. அந்த அப்புறம் இன்ன வரைக்கும் வரலக்கா."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவன் சொன்னது அத்தனையும் உண்மை என்பதால்தான் இரண்டும் வந்தன. ஆனால் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று இறங்கியாயிற்று, எவ்வளவு வாங்கினாலும் நின்று வாங்குவது என்று வாளியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஃபாத்திமா இலையிலிருந்து கையை எடுத்தாள். "எனக்கும் ஒரு கரண்டி வைங்கக்கா."

பிறகு வரிசையாக எல்லோரும். எல்லாம் என்னைப் பற்றித்தான். வாளி காலியானதும், "காய் தீந்து போச்சுப்பா" என்று மன்றாடினேன்.

"பரவால்லக்கா, சும்மாவே சொல்லுதோம்" என்றார்கள்.

மேனேஜர் இலையை மடித்துவிட்டு, மரத்துப்போன காலை உதறிக்கொண்டு எழுந்தார். "இவ்வளவு பேசுற டீம் நம்ம சென்னை ஆபீஸ்லயே கிடையாது. இங்கயே இருங்க. ஆனா இனிமே ரெட்ரோவ சுடலைமுத்து நடத்தட்டும். நீங்க..." என்று காலி வாளியைப் பார்த்தார், "இத மட்டும் நிறுத்திடாதீங்க."

நிறுத்தவில்லை. இன்றும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டப்பா நிறைய வறுவலோடு போகிறேன். கூட்டத்தில் எனக்குப் பரிமாறுகிற வேலை மட்டும்தான். காலைக் கூட்டமும் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

வீட்டில்தான் தப்பிக்க முடியவில்லை. கணவருக்குப் பாகற்காய் அறவே ஆகாது. ஆனால் நான் வாய் தவறி, "அத அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டால் போதும், அடுக்களைக்குப் போய்த் தட்டை எடுத்துவந்து என் முன்னால் நீட்டுகிறார்.

"ஒரு கரண்டி பாவக்கா வை. உன்னப் பத்தி ஒண்ணு சொல்லணும்."