வேண்டா என்னும் திருநாமம்

உலகத்தில் அழகான பெயர்கள் ஆயிரம் உண்டு. வேலை செய்யும் பெயர் ஒன்றுதான் உண்டு. அது 'வேண்டா'. காட்டுமன்னார்கோயிலில் எங்கள் குடும்பத்துப் 'பெயர்சூட்டு நிலைக்குழு'வின் தலைவர் என்ற பொறுப்புணர்வோடு இதைச் சொல்கிறேன்.

பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், இனிமேல் பெண் வேண்டாம் என்று மேலே இருப்பவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் அல்லவா? அதைக் கடைசிப் பெண்ணுக்கே பெயராக வைத்துவிடுவோம். மனு வேண்டாம், முத்திரை வேண்டாம். வேண்டாமணி, போதும்பொண்ணு என்று வேறு வகைகளும் புழக்கத்தில் உண்டு. சங்கீத ஞானம் உள்ள வீடுகளில், கச்சேரியை முடித்துவைக்கும் மங்களம்.

என் அண்ணன் மணவாளன் தன் மூன்றாவது மகளுக்கு வேண்டா என்று வைத்தார். அடுத்ததாகச் செம்பியன் பிறந்தான். பெயரின் 'செயல்திறன்' நிரூபணமாயிற்று.

ஆனால் நன்றி கெட்ட பெண். படித்து, சிதம்பரத்தில் பேங்க் வேலை கிடைத்ததும், சந்திரலேகா என்று பெயரை மாற்றப்போவதாக 2006-இல் அறிவித்தாள். அவசரக் கூட்டம் போட்டோம்.

"பேரை மாத்தினா செம்பியனுக்கு ஏதாச்சும் ஆயிடாதா?" என்றார் அண்ணன்.

"அவனுக்கு இருவத்திரண்டு வயசுப்பா. திரும்ப வயித்துக்குள்ளயா போயிடுவான்?"

கேள்வி நியாயமானதால் கடலூர் எண்கணித நிபுணரிடம் கொண்டுபோனோம். அவர் நெடுநேரம் கணக்குப் போட்டு, "போக மாட்டான்" என்றார். அதன்பேரில் அனுமதி வழங்கினோம்.

2012-இல் செம்பியனுக்கும் மூன்றாவது பெண் பிறந்தது. அண்ணன் கலங்கவில்லை.

"நல்லவேளை, நம்ம பேரு காலியாத்தான் இருக்கு."

குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வது எங்கள் வழக்கப்படி அத்தையின் உரிமை. சந்திரலேகா லீவு போட்டு வந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"சொல்லும்மா, உன் பழைய பேருதான்."

"அத நான் சொல்ல மாட்டேம்பா."

"உனக்கு நான் சொன்னேன், அதான் நிக்கல. அத்தை சொன்னாத்தாம்மா பேரு நிக்கும். அப்பறம் யாராலயும் மாத்த முடியாது."

"நெசமாவா?"

குனிந்தாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி, "வேணும்... வேணும்... வேணும்..." என்றாள்.

செம்பியன் பெண்டாட்டி சிந்துஜா தேம்பி அழுதாள். சடங்கில் அதற்கு இடமே கிடையாது.

நிலைக்குழு அங்கேயே கூடியது. அத்தை சொன்னதை மாற்ற எங்களுக்கு அதிகாரமில்லை. ஆகவே எங்கள் கடுமையான ஆட்சேபத்தை மட்டும் பதிவு செய்தோம்: எங்கள் குடும்பத்தில் இதுவரை எந்தப் பெண்ணிடமும் யாரும் சொல்லாத சொல் இது.