ஆயிரம் சிசி மாப்பிள்ளை அழைப்பு

மனிதன் முதலில் தவழ வேண்டும், பிறகு நடக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஓட வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. குளுவாங்கில் நாங்கள் முதல் இரண்டையும் ரத்து செய்துவிட்டோம்.

'நாங்கள்' என்றால் குளுவாங் இடிமுழக்க சூப்பர்பைக் கழகம். நான் அதன் கௌரவச் செயலாளர் மரியநாதன். வார நாட்களில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தா. முப்பது வருடமாக யார் எதைச் சொன்னாலும் அதை நல்ல தமிழில் எழுதி, கீழே கையெழுத்து வாங்குவதே என் வேலை என்பதால், இந்தப் பதவி என்னைத் தேடி வந்தது.

எங்கள் கழகத்துக்கு முன்னால் இந்த ஊர் இருந்த நிலையை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பையன்கள் கப்சாயில் ஆரம்பிப்பார்கள். காய்கறி வாங்கவும் பள்ளிக்கூடம் போகவும் எல்லா வீட்டிலும் நிற்குமே, கிளட்ச் பிடிக்க வேண்டாத அந்தச் சின்ன வண்டி. பிறகு நூற்றைம்பது சிசி, பிறகு இருநூற்றைம்பது. ஒருவன் பெரிய பைக்கில் உட்காருவதற்குள் அவனுக்கு நன்றாக ஓட்டவே வந்துவிடும். அதில் என்ன வீரம் இருக்கிறது?

இந்த இருண்ட காலத்துக்கு முடிவு கட்டியவர் எங்கள் தலைவர் சொக்கு. இரும்புக்கடை வைத்திருக்கிறார். 'முதல் பைக்கே பெரிய பைக்' என்ற கொள்கை அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் நிலையத்துக்கு எதிரே காப்பியும் காயா ரொட்டியுமாகக் கூடும் எங்கள் செயற்குழு அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. செயற்குழுவில் யாரும் எதையும் எதிர்ப்பதில்லை. காப்பிக்குப் பணம் கொடுப்பவர் தலைவர்.

அப்படி ஒரு ஞாயிறன்று சொக்குவின் அக்கா நாச்சாள் ஆச்சியின் மகன் ஆதவன் வந்து சேர்ந்தான். சிங்கப்பூரில் இன்ஜினியர். பெரிய பைக் லைசன்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த மாதம் கல்யாணம். கூடவே பெண்ணும் வந்திருந்தாள். தர்ஷனா, பண்டார் தெங்காரா பக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை.

"இருநூத்தம்பது வாங்கலாம்னு இருக்கேன் மாமா. ஒரு வருசம் ஓட்டிப் பழகிட்டு அப்புறம் பாக்கலாம்" என்றான் ஆதவன்.

மேசையில் ஒருவர் கடித்த ரொட்டியை மெல்லாமல் வைத்திருந்தார். சொக்கு மருமகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"உடம்புக்கு ஏதும் முடியலையாடா?"

"இல்ல மாமா, பழகுறதுக்குத்தான்."

"ஆறு மாசத்துல சலிச்சுடும் லா. ஸ்கூல் சட்டை எப்படி எடுப்போம்? ஒரு சைஸ் பெருசா எடுப்போம். போடப் போட வளந்து சரியாயிடும். ஆயிரம் சிசியும் அப்படித்தான்."

"சட்டை பெருசா இருந்தா யாரும் கீழ விழ மாட்டாங்க மாமா" என்றாள் தர்ஷனா.

சொக்கு சிரித்தார். அறியாத பெண்களிடம் அவர் கோபிப்பதில்லை. "வேகம் வண்டியில இல்லம்மா. கையில இருக்கு. மெதுவா முறுக்குனா மெதுவாப் போகும்."

இந்த வாசகத்தை நான் உடனே எழுதிக்கொண்டேன். எங்கள் கழக விதிகளில் 'பாதுகாப்பு' என்ற பகுதி முழுவதும் இதுதான்.

மரியாதைக்காக நான் அந்தப் பெண்ணிடம் எதில் வேலைக்குப் போகிறாள் என்று கேட்டேன். கப்சாயிலாம். தினமும் பனங்குலை லாரிகளுக்கு நடுவில், அதிலிருந்து உதிர்ந்து உருளும் பழங்களை விலக்கி, மழையானாலும் போய் வருகிறாளாம். ஏழு வருடமாக ஒருமுறைகூட விழவில்லையாம். பாவமாக இருந்தது. எங்கள் கழகம் இதைப் 'போக்குவரத்து' என்றுதான் வகைப்படுத்துகிறது. 'ஓட்டுதல்' என்பது வேறு.

கிளம்பும்போது அவள் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். "அவரு ஆயிரத்துல ஏறணும்னா இன்னும் ரெண்டு மூணு வருசம் ஆகட்டும். இப்ப எனக்கு நடந்து வர்ற மாப்பிள்ளை போதும் மாமா. ரெண்டு கால்லயும்."

"ப்ராமிஸ் தர்ஷு. இருநூத்தம்பதுதான்" என்றான் ஆதவன்.

அவள் போனதும் அவசரக் கூட்டம் தொடங்கியது. பிரச்சினை பைக் அல்ல, கழகத்தின் மானம். தலைவரின் சொந்த மருமகனே இருநூற்றைம்பதில் வந்தால், மாதாமாதம் மெர்சிங் போகும் எங்கள் அணிவகுப்பை ஊர் எப்படிப் பார்க்கும்? அந்த அணிவகுப்பைப் பார்க்கக் கண் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நேர் ரோட்டில் இடி மாதிரி போவோம். வளைவு வந்தால் சவ ஊர்வலம் மாதிரி ஊர்வோம். சிவப்பு விளக்கில் பன்னிரண்டு பேரும் நுனிக்காலில் நின்று, பக்கத்தில் இருப்பவன் சாய்கிறானா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அப்போது கப்சாயில் ஒரு அம்மா கோழியும் கீரையுமாக எங்களைக் கடந்து போவார். மெர்சிங் படகுத்துறையில் போட்டோ எடுத்துக்கொண்டு, மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு திரும்புவோம். நான் எப்போதும் கடைசியில்தான் வருவேன். செயலாளர் என்பவர் எல்லாரையும் பார்த்தபடி வரவேண்டும்.

"செட்டியார் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காலத்துல குதிரையில. ஒத்தக் குதிரை. நம்ம ஆதவன் எரநூறு குதிரை சக்தியில வரட்டுமே" என்றார் சொக்கு.

ஆதவனின் கண்ணில் விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். உடனே அணைந்ததையும் பார்த்தேன்.

"தர்ஷனாவுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும் மாமா."

"அன்னைக்கே தெரியட்டும். சர்ப்ரைஸ். கோயில்லேர்ந்து மண்டபம் எவ்வளவு தூரம்? ஒரே நேர் ரோடு. நடக்குற வேகம். இதுல என்னடா பயம்?"

'மணமகளுக்கு இன்ப அதிர்ச்சி அளிப்பது, ஏகமனதாக' என்று எழுதினேன்.

பயிற்சியையும் நாங்கள் புறக்கணிக்கவில்லை. சிவப்பு நிறத்தில் ஆயிரம் சிசி வந்து இறங்கியதும், சொக்குவின் கடைக்குப் பின்னால் உள்ள இரும்புக் கொட்டகையில் ஆதவன் அதில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்தான். முறுக்கினான். தகரக் கூரை அதிர்ந்தது. நின்ற இடத்தில் அவன் ஓட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கல்யாண நாள் காலையில் கோயில் வாசலில் அந்த பைக்கைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கைப்பிடி இரண்டையும் சேர்த்து ஒரு முழு ரோஜா மாலை. பின்னால் பார்க்கும் கண்ணாடி இரண்டிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். இனி பின்னால் எதுவும் தெரியாது. மாப்பிள்ளை முன்னேறுபவன், பின்னால் எதற்குப் பார்க்க வேண்டும்? ஆதவன் பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தான். தலையில் தலைப்பாகை, கழுத்தில் மாலை, காலில் ஒன்றும் இல்லை.

"ஷூவாவது போட்டுக்கிறேனே மாமா."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப ஷூ எதுக்குடா?"

தலைப்பாகைக்கு மேல் ஹெல்மெட் ஏறவில்லை. ஆனால் கழகம் ஹெல்மெட்டை அலட்சியப்படுத்தும் கழகம் அல்ல. அதற்கும் ஒரு மாலை போட்டு என்னிடம் ஒப்படைத்தார்கள். ஊர்வலம் முடியும்வரை அது என் பக்கத்து இருக்கையில் மிகப் பாதுகாப்பாக வந்தது.

நாச்சாள் ஆச்சி சூடம் காட்டினார். "தம்பி, இது வேணுமாடா? கார்ல போயிடலாமே" என்று தம்பியிடம் கேட்டார்.

"அக்கா, நான் தாய்மாமன். எனக்குத் தெரியாதா?" என்றார் சொக்கு.

முன்னால் நாதஸ்வரம், தவில். அதன் பின்னால் ஆதவன். அவனை ஒட்டி சொக்கு, பிறகு மற்றப் பதினொரு பைக்குகள். நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்தால் நின்று, கண்ணை மூடி, சாவகாசமாகத்தான் முடிப்பார். அவருக்குப் பின்னால் இருநூறு குதிரைகள் காத்திருந்தன. என்ஜின் சூடேறி, அதன் மின்விசிறி ஆதவனின் பட்டு வேட்டிக்குள் அனல் காற்றை அனுப்பியது. இரண்டடி நகர்வான், நிற்பான், நுனிக்காலை ஊன்றுவான், தார் சுட்டுக் காலை எடுப்பான். மாப்பிள்ளைக் களை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன், அது வியர்வை.

இருந்தாலும் பிள்ளை மண்டப வாசல்வரை வந்துவிட்டான். அதை மறுக்க முடியாது.

வாசலில் பெண் வீட்டார் ஆரத்தி சுற்றி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சிவப்புத் தண்ணீரை முறைப்படி வண்டிக்கு முன்னால் ஊற்றினார்கள். புது வண்டி என்பதால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் சடங்கு கோயிலிலேயே முடிந்திருந்தது. ஆனால் பெண் வீட்டார் அதைப் பார்க்கவில்லையே. சொக்கு தன் பைக்கில் உட்கார்ந்தபடியே இரண்டு பழங்களை ஆச்சியிடம் கொடுத்து மறுபடி வைக்கச் சொன்னார். பெரிய பழங்கள். ஆயிரம் சிசிக்கு ஏற்றவை.

முன் சக்கரத்துப் பழம் நசுங்கியது. பின் சக்கரம் பழத்தின் மேல் ஏறாமல் தயங்கியது.

"கேஸ் குடுடா" என்றார் சொக்கு.

ஆதவன் முறுக்கிக் கொடுத்தான். கப்சாயில் பழகிய இடது கைக்குக் கிளட்ச் என்று ஒன்று இருப்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. ஈரத்தில், பழச்சாற்றில், இருநூறு குதிரைகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டன. பின் சக்கரம் பக்கவாட்டில் வீசியது. கைப்பிடியைத் திருப்ப மாலை விடவில்லை. நடக்கிற வேகத்தில், கழக விதிகளுக்கு முற்றிலும் உட்பட்ட வேகத்தில், பைக் அவன் இடது கணுக்காலின் மேல் படுத்தது.

பதறிப்போன சொக்கு நின்ற இடத்திலேயே சாய்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வரிசைப்படி சாய்ந்தார்கள். கூச்சலைக் கேட்ட தவில்காரர், நல்ல நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டினார்.

செயற்குழு உடனே உதவிக்கு ஓடியது. எல்லாரும் பைக்கைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தோம்.

"அலமாக், கவர் போச்சே" என்றார் எழுந்து வந்த சொக்கு.

"கால் போச்சு மாமா" என்றான் கீழே இருந்த ஆதவன்.

முகூர்த்தத்துக்கு முன் பெண் வெளியே வரக்கூடாது. தர்ஷனா வந்தாள். கழுத்து நிறைய நகையோடு படியிறங்கி, எங்களை விலக்கி, என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டாள். "பாத்துக்கிட்டே நிக்காதீங்க. தூக்குங்க" என்றாள். தூக்கினோம். ஆதவனின் பாதம் பார்க்கக்கூடாத திசையில் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அழுதாள். அத்தனை பேர் முன்னால், மை கரைய, சத்தமாக அழுதாள்.

"ப்ராமிஸ் பண்ணீங்கல்ல."

"சாரி தர்ஷு."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

"தாலி கட்டிட்டுப் போறேன். நீ மனசு மாறிட்டா?"

ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, அது வேறெங்கோ போயிருந்தது. நான்கு பைக் வீரர்கள் மாப்பிள்ளையை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மணமேடைக்குக் கொண்டுபோனார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் தாலி கட்டினான். செட்டியார் வீட்டில் அதைத் திருப்பூட்டு என்பார்கள். நாச்சாள் ஆச்சி தம்பியின் முகத்தையே பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கழகத்தின் விசாரணைக் குழு பந்தியில் கூடியது. பாயசம் வரும் முன்பே காரணங்கள் தெளிவாகிவிட்டன. ஒன்று, எலுமிச்சம்பழம் அளவுக்கு மீறிப் பழுத்திருந்தது. இன்னொன்று, நாதஸ்வரம் தேவைக்கு மேல் மெதுவாக வாசிக்கப்பட்டது. தார் ரோட்டைப் பற்றியும் நகராண்மையைப் பற்றியும் சில கடுமையான கருத்துகள் சொல்லப்பட்டன. பைக்கின் மேல் தவறு எதுவும் இல்லை. கொள்கையின் மேலும் இல்லை. ஆதவனுக்கு 'வீர மாப்பிள்ளை' பட்டம் தருவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

தீர்மானத்தை நேரில் தெரிவிப்பது செயலாளரின் கடமை. போனேன். மண்டபத்தின் ஓரத்தில் ஆதவன் இரண்டு நாற்காலிகளில் நீண்டு கிடந்தான். காலில் ரோஜா சிராப் தண்ணீருக்கு வைத்திருந்த ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் தர்ஷனா. ஒரு கையில் அவன் கை, மறு கையில் பைக் சாவி.

முழுவதையும் வாசித்தேன். ஆதவன் கண்ணைத் திறந்தான். "பட்டமா? தேங்க்ஸ் அங்கிள். கால் சரியானதும் மெர்சிங் போலாம்ல?" என்றான். கழகம் வீண்போகவில்லை என்று குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

தர்ஷனா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தில் தாலி ஏறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"அங்கிள், முதல் பைக்கே பெரிய பைக்னு எழுதி வெச்சது நீங்கதான?"

"ஆமாம்மா. ஏகமனதாக."

"அப்ப நீங்க மட்டும் ஏன் எப்பவும் எல்லாருக்கும் பின்னால கார்ல வர்றீங்க?"

நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி. இருந்தாலும் புதுப்பெண் கேட்கும்போது மறைக்கக்கூடாது. மாலை போட்ட ஹெல்மெட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன்.

"எனக்குக் குடும்பம் இருக்கேம்மா."