எழுவர் பிடிக்க ஒரு பேஸ் கித்தார்

எங்கள் மன்றத்தில் எந்தப் பொருளும் வாங்கப்படுவதில்லை. வழங்கப்படுகிறது. வாங்குவதற்கு ஒரு கடை போதும். வழங்குவதற்கோ மேடை வேண்டும், பின்னால் பதாகை வேண்டும், பொன்னாடை வேண்டும், சிறப்பு விருந்தினர் வேண்டும், அவர் வந்து சேரும்வரை காத்திருக்கப் பொதுமக்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு படம் வேண்டும். அதில் கொடுப்பவர் ஒரு முனையையும் பெறுபவர் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

மலேசியாவின் குளுவாங் வட்டாரக் கலை பண்பாட்டு மேம்பாட்டு மன்றம் இவ்வாறு அரிசி மூட்டை, பள்ளிப் பை, சக்கர நாற்காலி எனப் பலவற்றை வழங்கிப் புகழ் பெற்றது. நான் அதன் செயற்குழு உறுப்பினர். யாராவது எதையாவது முன்மொழிந்தால் நான் வழிமொழிவேன். அதுதான் என் பணி. அதில் இன்றுவரை ஒரு குறையும் வைத்ததில்லை.

மன்றத்தின் இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசிப்பவள் தேன்மொழி. பகலில் மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. வார இறுதிகளில் கல்யாணம், கோயில் திருவிழா, பொங்கல் இரவு. எல்லாவற்றுக்கும் அவள் வாசித்தது பெக்கோக்கில் இருந்த ஒரு தோழியின் இரவல் பேஸ். அதன் எடைக்கு அவள் தோள் வீங்கும். அதன் கழுத்து நீளத்துக்கு அவள் குட்டை விரல்கள் எட்டாமல் தவிக்கும். அந்தத் தோழி இப்போது ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிறாள், பேஸும் கூடவே போகிறது என்று தெரிந்ததும் தேன்மொழி செயற்குழுவின் முன் வந்து நின்றாள்.

“எனக்குச் சொந்தமா ஒரு பேஸ் இருந்ததே இல்ல தலைவரே. என் கை அளவுக்குச் செஞ்சு தர்றவங்க இருக்காங்க. சின்னக் கழுத்து, லேசான உடம்பு, இளம்பச்சைக் கலரு. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பலேர்ந்து மனசுல வெச்சிருக்கேன். அது மட்டும் கெடைச்சிட்டா சாகுற வரைக்கும் மன்றத்துக்கு வாசிப்பேன்.”

தலைவர் கனகசுந்தரம் நில அலுவலகத்தில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவர். எதையும் அடிப்படையிலிருந்து ஆராய்பவர்.

“பேஸ் என்றால் என்னம்மா?”

“பாட்டுக்கு அடியில இருந்து தாங்குறது தலைவரே.”

“நான் எப்போதும் முன்வரிசையில்தானே அமர்கிறேன். எனக்கு எதுவும் கேட்டதில்லையே.”

“அது தனியாக் கேக்காது. இல்லாமப் போனாத்தான் தெரியும்.”

“அலமாக், நம்ம செயற்குழு உறுப்பினர் மாதிரியில்ல இருக்கு,” என்று பொருளாளர் புஷ்பவள்ளி என்னைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அதையும் நான் வழிமொழிந்தேன். பேஸ் கித்தார் வழங்குவது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கித்தார் செய்பவர் பெயர் தீபன். ஸ்கூடாயில் பட்டறை. பட்டறை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அது ‘நாதக்கூடம்’. அவரும் கித்தார் செய்பவர் அல்லர், ‘நாதச் சிற்பி’. தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டிருந்தார். முதலில் எங்களுக்குக் கோப்பி கொடுத்தார். சர்க்கரை கேட்டதற்கு, கொட்டையின் சுயத்தை அது மறைத்துவிடும் என்றார். அந்தக் கசப்பைக் குடித்து முடிக்காதவர்களிடம் அவர் ஆர்டர் எடுப்பதில்லையாம்.

“நீங்க மரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது சிஸ்டர். மரம்தான் உங்களைத் தேர்ந்தெடுக்கணும்,” என்று சுவரில் சாய்ந்திருந்த பலகைகளைக் காட்டினார். “கண்ண மூடிக்கிட்டு நில்லுங்க. எது கூப்பிடுதோ சொல்லுங்க.”

தேன்மொழி கண்ணை மூடி நின்றாள். மரங்கள் அன்று யாருடனும் பேசும் மனநிலையில் இல்லை.

“சரி, உங்க நாதத் தத்துவம் என்ன?”

“கை எட்டணும். தோள் வலிக்கக் கூடாது.”

தீபன் முகம் வாடிவிட்டது. இருந்தாலும் தொழில் தெரிந்தவர். அவள் விரல்களை ஒவ்வொன்றாக அளந்தார், ஒரு பழைய கித்தார்க் கழுத்தைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார், அவள் சொன்ன இளம்பச்சையை நான்கு தகரத் துண்டுகளில் பூசிக் காட்டினார். செம்பனைக் குருத்தின் நிறத்தில் இருந்த ஒன்றை அவள் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குளுவாங் திரும்பும் வழியெல்லாம் காரில் பாடிக்கொண்டே வந்தாள். இந்தக் கதையில் அவள் மகிழ்ச்சியாக இருந்தது அன்று மட்டும்தான். எனக்கும் அன்று மனம் நிறைந்திருந்தது.

அடுத்தது மானியம். ஜொகூர் பாருவில் இதற்கென்று ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. அங்கே கஸ்தூரி என்ற அதிகாரி எங்களை அன்போடு வரவேற்று, அன்போடு மறுத்தார்.

“லிஸ்ட்ல கித்தார் இல்ல ஐயா. பாரம்பரிய இந்திய வாத்தியம் மட்டும்தான் இருக்கு. வீணை, தம்புரா, மிருதங்கம், இப்படி.”

“வீணைக்கும் கம்பி இருக்கு, இதுக்கும் கம்பி இருக்கு,” என்றார் செயலாளர் ஐயாசாமி.

“எனக்கு ஒதவணும்னுதான் ஆசை. ஆனா ஆடிட்டர் வந்து பாத்தா, இது வீணைதான்னு அவருக்குத் தெரியணுமே?”

“முனையில ஒரு யாளித் தலை வெச்சுட்டா?”

கஸ்தூரி கணினியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “வெச்சுட்டா வீணைதான்,” என்றார். எல்லாருக்கும் நிம்மதி. விண்ணப்பம் ‘மின்சார வீணை’ என்ற பெயரில் அன்றே ஏற்கப்பட்டது.

“யாளி எடை கூட்டாதா?” என்று தேன்மொழி மெதுவாகக் கேட்டாள். பாரம்பரியம் என்றால் கொஞ்சம் பாரம் இருக்கத்தான் செய்யும் என்று தலைவர் விளக்கினார்.

வீடு திரும்பியதும், விழாவின் உணவுச் செலவை ஏற்றிருந்த சீனர், ஹார்ட்வேர் கடை மிஸ்டர் தானிடமிருந்து ஒரு சேதி வந்தது. பேஸுக்கு நான்கு கம்பி என்று கேள்விப்பட்டாராம். சீனர்களுக்கு நான்கு ஆகாது, சாவைக் குறிக்கும் எண். நம் ஊர்க் கட்டடங்களில் மூன்றாம் மாடிக்கு மேலே 3ஏ மாடி வருவது இதனால்தான். ஆகவே நான்காவது கம்பியின் பெயர் இனி 3ஏ கம்பி என்று தீர்மானித்து அவருக்கு எழுதினோம். அவர் மகிழ்ந்து விருந்தில் மீகூன் சேமியாவோடு கோழியும் சேர்த்துக்கொண்டார்.

இதுவரை நடந்தவை சில்லறை விஷயங்கள். உண்மையான பிரச்சினை படத்தில் இருந்தது.

போன ஆண்டு சக்கர நாற்காலி வழங்கியபோது அதைப் பிடிக்க இருவருக்குத்தான் இடம் கிடைத்தது. மற்ற ஐவரும் பின்னால் நின்றோம். பத்திரிகையில் வந்த படத்தில் துணைத்தலைவரின் காது மட்டும் தெரிந்தது. அவர் ராஜினாமா செய்து, சமாதானமாகித் திரும்பி வந்ததை மன்றம் இன்னும் மறக்கவில்லை. மீண்டும் அப்படி ஒரு பிளவைத் தாங்க முடியாது என்றார் ஐயாசாமி. செயற்குழுவினர் எழுவரும், நடுவில் சிறப்பு விருந்தினராக வரும் அரசுப் பட்டம் பெற்ற டத்தோவும், ஆளுக்கு ஒரு கையாவது வைக்கும்படி பேஸின் நீளம் அமைய வேண்டும் என்று முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன்.

மண்டபத்தில் எங்கள் எழுவரையும் தோளோடு தோள் நிற்கவைத்து அளந்தார்கள். டத்தோவுக்காக நடுவில் இரண்டு நாற்காலி அகலம் விடப்பட்டது. அளவு, முதல் தூணிலிருந்து தண்ணீர் இயந்திரம்வரை வந்தது.

“அண்ணே, என் கை இவ்ளோதான்,” என்று தேன்மொழி ஐயாசாமியிடம் கையை விரித்துக் காட்டினாள்.

“உன் கைய யாரும்மா குறை சொன்னா? நல்ல கைதான் லா.”

“கழுத்து அவ்ளோ நீளம்னா நான் எப்படி வாசிப்பேன்?”

“வாசிக்கிறது அப்புறம்மா. மொதல்ல வாங்கணும்ல?”

தீபன் மறுப்பார் என்று நான் உள்ளூர எதிர்பார்த்தேன். அவரோ பரவசமாகிவிட்டார். உலகில் யாரும் துணியாத பரிமாணம் என்றார். அவர் பட்டறைக் கதவில் அதன் வரைபடத்தை மாட்டிவைத்திருப்பதாகப் பின்னர் அறிந்தோம். ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் எங்கள் வாட்சாப் குழுவில் கேட்டார்: ஸ்பீக்கர் ஒயரைச் சொருகும் துளையை எந்தப் பக்கம் வைப்பது?

புஷ்பவள்ளி உடனே பதில் போட்டார். “ஒயர் வேணாம். படத்துல அசிங்கமாத் தொங்கும். போன தடவ மைக் ஒயர் டத்தோ கால்ல சிக்கி விழப் பாத்தாரு.”

தேன்மொழி எழுதினாள்: “துளை இல்லாட்டி பேஸ்ல சத்தமே வராது அக்கா.”

அதற்குள் காலை வணக்கப் படங்கள் வரிசையாக வந்து இறங்கின. ரோஜாப்பூ, சாய்பாபா, ஆவி பறக்கும் தேநீர். அவற்றையெல்லாம் தாண்டித் தலைவர் அவளுடைய செய்தியைக் கண்டுபிடித்து, குரல்பதிவில் பொறுமையாகப் பதிலளித்தார்: “அம்மா, இத்தனை ஆண்டுகளாக அது எங்களுக்குக் கேட்டதில்லை. இனிமேலும் கேட்காது. ஆகவே நிலைமையில் மாற்றம் ஏதுமில்லை.” இதில் யாராலும் குற்றம் காண முடியவில்லை. நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

விழா நாள் வந்தது. மின்சார வீணை லோரியில் வந்து இறங்கியது. மண்டபக் கதவில் திரும்பவில்லை, சமையலறை ஜன்னல் வழியாக, மீகூன் சட்டிகளுக்கு மேலே தூக்கிக் கொண்டுவந்தோம். நீளமென்றால் அப்படி ஒரு நீளம். ஒரு முனையில் யாளி வாயைப் பிளந்திருந்தது. மறுமுனையில் மன்றத்தின் சின்னம், கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள். நிறம் மட்டும் தேன்மொழி கேட்டதுதான், செம்பனைக் குருத்துப் பச்சை. அவள் அதை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அன்று காலைதான் அவள் தோழி வந்து, புதுசு வந்துவிட்டதே என்று வாழ்த்திவிட்டு இரவல் பேஸைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போயிருந்தாள்.

டத்தோ வழக்கமான தாமதத்துடன் வந்தார். இசைக்கு அடித்தளம் பேஸ், சமுதாயத்துக்கு அடித்தளம் மன்றம் என்று பேசினார். பேசியது போதாதென்று மீண்டும் பேசினார். பிறகு படம். நாங்கள் எழுவரும் அவரும் வரிசையாக நின்று கை வைத்தோம். கச்சிதமான அளவு, ஒருவர் காதும் மறையவில்லை. தேன்மொழி சின்னத்தின் பக்கம் கடைசியில் நின்று வால்முனையைப் பிடித்திருந்தாள்.

“அக்கா, கொஞ்சம் தள்ளுங்க. சின்னம் மறையுது,” என்றார் படம் பிடிப்பவர்.

அவள் தள்ளினாள்.

“இன்னும் கொஞ்சம்.”

அவள் இன்னும் தள்ளினாள். படம் அருமையாக வந்தது.

அதன்பின் “இப்போது புதிய பேஸில் ஒரு பாடல்” என்று அறிவித்துவிட்டார்கள். வாத்தியத்தை இரண்டு மேசைமேல் கிடத்தினோம். ஐயாசாமி யாளியின் தலையைப் பிடித்துக்கொண்டார். இசைக்குழு வாசிக்கத் தொடங்கியது. தேன்மொழி மேசையோரமாக அங்கும் இங்கும் நடந்து நடந்து கம்பிகளை மீட்டினாள். ஒரு சத்தமும் வரவில்லை. பாட்டு முடியும்வரை அவள் ஒரு சுரத்தைக்கூட விட்டுவைக்காமல் வாசித்தாள்.

மண்டபம் கைதட்டியது. டத்தோ எழுந்து நின்று தட்டினார். “இதுதான் லா பேஸு! நெஞ்சுல இறங்கி அடிக்குது,” என்றார். எங்கள் தலைவர், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமக்கும் கேட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் தேன்மொழி என்னைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, உண்மையச் சொல்லுங்க. எதாவது கேட்டுச்சா?”

“தலைவருக்கே கேட்டிருக்கேம்மா,” என்றேன்.

அவள் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் படம் முகநூலில் ஏறியது. விழாவுக்கு வராதவர்கள்கூட ‘பேஸ் வேற லெவல்’ என்று எழுதியிருந்தார்கள். நீங்களும் ஒரு லைக் போட்டிருப்பீர்கள். லாயாங் லாயாங்கில் இருக்கும் இன்னொரு மன்றம், அவர்கள் செயற்குழுவில் பதினோரு பேர் என்பதால், இதைவிட நீளமாக ஒன்று செய்யத் தீபனிடம் சொல்லியிருக்கிறதாம்.

மின்சார வீணை மண்டபச் சுவரில் ஏறியது. பேஸ் இல்லாமல் தேன்மொழி எப்படி வாசிப்பாள் என்ற கேள்வி ஆண்டுக் கூட்டத்தில் எழுந்தது. மன்றம் அவளைக் கைவிடவில்லை. வாசிக்க வேண்டிய தேவையே இல்லாதபடி அவளைச் செயற்குழுவில் சேர்த்து, இசைக்கருவித் துணைக்குழுவின் தலைவியாக்கிப் பொன்னாடை போர்த்தியது.

அவள் தலைமையில் நடந்த முதல் கூட்டத்துக்கு டிரம்ஸ் வாசிக்கும் வேலு வந்தான். பழைய டிரம்மில் தோல் கிழிந்துவிட்டது, புதுசு ஒன்று வேண்டும், தன் உயரத்துக்கு ஏற்ற மாதிரி இருந்தால் போதும் என்றான். எல்லாரும் தேன்மொழியைப் பார்த்தோம். பட்டவள் ஆயிற்றே, இவளாவது நியாயமாக ஏதாவது சொல்வாள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. என்ன சொன்னாலும் வழிமொழிவது என்று தயாராக இருந்தேன்.

தேன்மொழி கைப்பையைத் திறந்தாள். அளவு நாடாவை எடுத்தாள்.

“எல்லாரும் எழுந்து தோளோடு தோள் நில்லுங்க பாப்போம்,” என்றாள். “இப்ப நம்ம எட்டுப் பேரு. இந்தத் தடவ நான் நடுவுல.”

“அக்கா,” என்றான் வேலு, “அவ்ளோ பெரிசா செஞ்சா சத்தம் ஒழுங்கா வருமா?”

“படம் ஒழுங்கா வரும்.”

நான் வழிமொழிந்தேன்.