நார்வே பார்த்துக் கெட்ட மாப்பிள்ளை

ஊரில் பிள்ளைகளைச் சினிமா கெடுக்கிறது என்பார்கள். என்னைக் கெடுத்தது நார்வே நாட்டுத் தொலைக்காட்சி.

அங்கே மீன் பதப்படுத்தும் ஆலைக்கு வேலைக்குப் போன பெரியப்பா மகன், பல வருஷமாக ஓடுகிற ஒரு தொடரைக் குறுந்தட்டுகளில் பதிந்து அனுப்புவான். தொந்தி விழுந்த நாலு நண்பர்கள் காட்டுக்கும் ஆற்றுக்கும் பயணம் போவார்கள். கூடாரம் சரியும், படகு கவிழும், ஒருவர் கால்சட்டையில் தீப்பிடிக்கும். (பேசுவது ஓர் எழுத்து புரியாது. ஆனாலும் கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் பர்மாவில், பபேடான் பேட்டையிலிருக்கும் எங்கள் வீட்டில் அதுதான் ஓடும்.)

அவர்கள் மேல் எனக்குத் தீராத மரியாதை. எங்கள் தெருவில் நாலு பேர் பார்க்க வழுக்கி விழுந்தால் ஆறு மாதம் தலை நிமிர முடியாது. அவர்களோ விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மீன் பிடித்தால் அதற்கு ஒரு முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். அந்த மனசு எனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆசைப்பட்டவன், நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாளா பார்த்து நண்பன் கோ சேகரோடு பக்கத்து ஊரான தன்லியினுக்கு மீன் பிடிக்கப் பஸ் ஏற வேண்டும்? பெண் வீடும் அதே ஊர்தான். கீதாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவள் அப்பா ஊ தங்கவேலு பாதி தமிழர், பாதி பர்மியர், முழுக் கோபக்காரர். (பர்மிய மரியாதைப்படி இளைஞர் பெயருக்கு முன் 'கோ', பெரியவர் பெயருக்கு முன் 'ஊ'.) ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர்.

ஆற்றோரம் புதர் மறைவில் தூண்டில் போட்டோம். சற்று நேரத்தில் பெரிய கெளுத்தி ஒன்று மாட்டியது. அதன் தலையில் பளபளவென்று தங்கம்.

"மாப்ள, இது தங்கம் முளைச்ச மீன்டா," என்றான் சேகர்.

(நம்பினேன். நான் பட்டதாரி வேறு.) லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் ஆடினோம்.

அப்போது புதரின் அந்தப் பக்கத்திலிருந்து காலிப் பானையோடு ஊ தங்கவேலு வந்தார். மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டுமென்று, சந்தையில் உயிரோடு வாங்கிய மீன்களின் தலையில், புத்தர் சிலைக்கு ஒட்டுவது போலத் தங்கத் தாள் ஒட்டி ஆற்றில் விட்டிருக்கிறார். எங்கள் ஊரில் மீனை விட்டால் புண்ணியம். அப்படி விட்ட மீனை உடனே பிடித்தால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

"இது நான் இப்ப விட்ட மீனு," என்றார்.

கையும் மீனுமாக நின்றேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மூளையில் நார்வே மட்டும்தான் இருந்தது. கெளுத்தியைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்தேன். அது உடம்பை முறுக்கி, முள்ளை என் மேலுதட்டில் ஏற்றிவிட்டு ஆற்றுக்குள் போனது. அவர் காலிப் பானையோடு திரும்பி நடந்தார்.

மறுநாள் உதடு வடை அளவுக்கு வீங்கியிருந்தது. பெண் வீட்டார் வரமாட்டார்கள் என்று அம்மா அழுதாள். வந்தார்கள். ஊ தங்கவேலு என் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீதா கையைவிட்டுப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"என்னப்பா, உதட்டுல?" என்று கீதாவின் அம்மா, என் வருங்கால அத்தை, கேட்டாள்.

"குளவி கொட்டிருச்சு," என்றாள் அம்மா.

விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்த அந்த நாலு பேரை நினைத்துக்கொண்டேன். "குளவி இல்லத்தே. மாமா விட்ட மீன நான் புடிச்சு முத்தம் குடுத்தேன்," என்று சொல்லிவிட்டு, வலியோடு சிரித்தேன்.

கூடமே மாமா பக்கம் திரும்பியது. பிறகு ஊ தங்கவேலு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "நான் காசு குடுத்து வாங்குனத விட்டேன். மாப்பிள்ளை கையில கெடச்சத விட்டாரு, உதட்டையும் குடுத்து. புண்ணியம் அவருக்குத்தான் ஜாஸ்தி. தட்ட மாத்துங்க."

நிச்சயதார்த்தப் படத்தில் என் முகத்துக்கு முன்னால் உதடுதான் தெரியும். "உங்கப்பாவோட மொத முத்தம் எனக்கில்ல," என்று அந்தப் படத்தைக் காட்டிப் பிள்ளைகளிடம் சொல்வாள் கீதா. மாமனார் மீன் விடப் போகும்போதெல்லாம் பானை தூக்க என்னைத்தான் கூப்பிடுவார். கிளம்பும்போது கீதா மறக்காமல் ஒரு கைக்குட்டையை நீட்டுவாள், வாயில் கட்டிக்கொள்ள.