துண்டை உதறினால் தறி ஓடும்

"மன்னிச்சுக்கங்க சார். நீங்க பேசினது ஒண்ணுமே பதிவாகல. முழுக்கத் தறிச் சத்தம்தான்" என்றாள் சுகன்யா.

பரசுராமன் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். "அடடா! அப்ப திரும்ப வருவியாம்மா?"

"வந்துதானே ஆகணும்!"

ராணுவப் பதக்கம் ஒன்றின் வரலாற்றை எழுத, சுகன்யாவின் ஆபீஸுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுத்திருந்தது. அந்தப் பதக்கத்தை வாங்கியவர்களில் ஆரணிக்காரர் பரசுராமன் ஒருவர்தான். அவர் கதையைக் கேட்டு எழுதச் சென்னையிலிருந்து வந்த சுகன்யா, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் அறையில் தனியாகத் தங்கியிருந்தாள்.

பனிமலையில் அடிபட்ட கேப்டனை முதுகில் சுமந்து இறங்கிய கதை. எவ்வளவு இழுத்தாலும் பத்து நிமிஷத்துக்குத் தாங்காது. முடித்தால் அவள் ஊருக்குப் போய்விடுவாள். மனைவி போனதிலிருந்து அந்த வீட்டில் இரண்டாவது டம்ளரை எடுக்கவே ஆள் வந்ததில்லை. அது அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பக்கத்து வீட்டில் இரண்டு விசைத்தறி வைத்து ஓட்டும் ஹேமநாத்திடம் போனார்.

"நான் ஜன்னலாண்ட துண்டை உதறினா, ஜல்தியா தறியப் போட்டுடு."

"எதுக்கு சார்?"

"கேள்வி கேட்டுகினு இருக்காத. பேஜார் பண்ணாம செய்."

காரியம் நன்றாகவே நடந்தது. கேப்டன் விழுவார், இவர் துண்டை உதறுவார், தறி கத்தும். பாவம், அந்த மனுஷன் பனியிலேயே கிடந்தார். சுகன்யா மட்டும் கோபப்படாமல் இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டாள்.

"ரூம்ல தனியா உக்காந்தா சோறே இறங்கல சார்."

பிறகு ஒருநாள், சட்டையில் மாட்டும் மைக் ஒன்றை அவள் கொண்டுவந்தாள். பதிவில் தறிச் சத்தம் அடங்கிப்போனது. பரசுராமன் பயந்துபோய், இரண்டு தறியையும் சேர்த்து ஓட்டச் சொன்னார். சுவர் அதிர்ந்தது. ஆணி கழன்று, சுவரில் மாட்டியிருந்த பதக்கம் சாம்பாரில் விழுந்தது.

"பக்கத்துல இருக்கற திருமலைக் குன்றுக்குப் போய்ப் பேசலாமா சார்? அமைதியா இருக்கும்."

"முட்டி வலிம்மா. படியேற முடியாது."

ஆளைச் சுமந்துகொண்டு மலையிறங்கியவர் சொன்ன சாக்கு அது.

"ஆபீஸ்ல கேட்டுட்டே இருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள முடிக்கணுமாம்" என்றாள் அவள், தட்டைப் பார்த்தபடி.

அவருக்குச் சுருக்கென்றது. தன் தனிமைக்காக ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடுவதா?

மறுநாள் துண்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"கேப்டன் உழுந்தாரு. நான் அவரத் தூக்கி முதுகுல..."

இரண்டு தறியும் ஒன்றாக அலறின.

சுகன்யா மைக்கைக் கழற்றினாள். "நாளைக்கு வரேன் சார்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பரசுராமன் கொதித்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். முட்டிவலி ஞாபகமே இல்லை.

"துண்டு பெட்டியில இருக்குதுடா! யாரக் கேட்டு தறியப் போட்ட?"

ஹேமநாத் தலையைச் சொறிந்தான்.

"மேடம்தான் சார்... 'இன்னிக்கு அவரு துண்டை உதறலேன்னாலும் போட்டுடுங்கண்ணா'ன்னு காலையிலயே வந்து சொல்லிட்டுப் போனாங்க."