அவசரத்துக்கு மட்டும் திறக்கவும்

ஒரு காட்டில், ஓடைக்கு மேட்டுப்பக்கமாக இருந்த வளையில், கோதண்டம் என்ற பெருச்சாளி வசித்துவந்தார். பெருச்சாளியை ‘அவர்’ என்று சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் அவரை நேரில் பார்த்ததில்லை. எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் நம்புவார். நம்பிவிட்டால் பிறகு யார் சொன்னாலும் விடமாட்டார். அவர் மனைவி செங்கமலம் எதையும் படிக்கிறவள் இல்லை. பிள்ளைகள் ஐந்து.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் காட்டுப் பேரிடர்த் துறை ஒரு துண்டறிக்கை அச்சடித்து வளைவளையாகக் கொடுத்தது. மழைக்காலம் வருகிறது, புயலும் வரலாம், ஒவ்வொரு குடும்பமும் மூன்று நாளைக்கு வேண்டிய உணவு, குடிதண்ணீர், மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச் லைட், ஒரு விசில் இவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பெரும்பாலான விலங்குகள் அதில் வேர்க்கடலை மடித்துத் தின்றன. பள்ளத்து வளையில் இருந்த முயல் பூரணம் அதைக் குட்டிகளின் படுக்கைக்கு அடியில் ஈரம் ஏறாமல் விரித்தாள். அவள் புருஷன் போன வருஷத்து வெள்ளத்தில் போனவன். மூன்று குட்டிகளோடு அன்றன்றைக்குத் தேடி அன்றன்றைக்குத் தின்கிற குடும்பம். மூன்று நாள் சாப்பாட்டை ஒரே இடத்தில் பார்த்தால் அது எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

கோதண்டம் இரண்டு முறை படித்தார். மூன்றே நாளில் போய்விடுவதாகப் புயல் எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று செங்கமலத்திடம் கேட்டார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. மூன்று நாளை மூன்று வாரமாக்கினார். வாரம் என்று வந்த பிறகு மாதம்தான் பாதுகாப்பு என்று தோன்றியது. சமையலறையை ஒட்டி ஓர் அறை தோண்டினார். காட்டின் ஓரத்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் விட்டுப்போகும் பிஸ்கட் பொட்டலங்கள், அவல், வெல்லம், பரங்கி விதை, காய்ந்த மரவள்ளி, தேங்காய்த் துண்டு என்று புரட்டாசி முழுக்க இழுத்துவந்து அடுக்கினார். மெழுகுவத்தி மட்டும் ஒரு கட்டு. பெருச்சாளிக்கு அது வெளிச்சத்துக்கும் ஆகும், பசிக்கும் ஆகும்.

பிறகு அறைக்கு முன்வாசல் பக்கமாக ஒரு பலகைக் கதவு போட்டார். ஒரு பித்தளைப் பூட்டு மாட்டினார். சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, கதவின் மேல் கரியால் ‘அவசரத்துக்கு மட்டும் திறக்கவும்’ என்று எழுதினார்.

ஐப்பசியில் கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. வாய் கசக்கிறது என்று அழுதது. செங்கமலம் ஒரு துண்டு வெல்லம் கேட்டாள். கோதண்டம் மறுக்கவில்லை. துண்டறிக்கையை எடுத்துப் படித்தார். புயல், வெள்ளம், காட்டுத்தீ, நிலச்சரிவு எல்லாம் இருந்தன. காய்ச்சல் இல்லை. அவர் வருத்தத்தோடு அதை அவளிடம் காட்டினார். பிள்ளைக்கு இரண்டு நாளில் தானாகவே குணமாகிவிட்டது. திறந்திருந்தால் வீணாகத்தானே போயிருக்கும் என்றார். செங்கமலம் போய் அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

கார்த்திகை பிறந்ததும் புயல் வந்தது. முதல் நாளே ஓடை கரையேறியது. மறுநாள் காலையில் பூரணம் மூன்று குட்டிகளையும் நனைந்த துணி மாதிரி தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவள் வளை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. கோதண்டம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே அழைத்து அடுப்பங்கரையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். குட்டிகளின் காதைத் தன் வாலாலேயே துடைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை என்பதைக் கதையில் இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுக்களையில் இருந்ததை வைத்து இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் பானைகள் காலி. செங்கமலம் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“ஏங்க, கதவைத் திறங்க. எட்டுப் புள்ளைங்களும் பட்டினி.”

“இதுக்கே திறந்துட்டா, நாளைக்குப் பெருசா ஒண்ணு வந்தா என்ன பண்றது?”

“இதைவிடப் பெருசா என்னங்க வரணும்?”

“அது வந்தாத்தான் தெரியும்.”

அவர் சும்மா சொல்லவில்லை. இந்தப் புயலுக்குப் பின்னால் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதாகத் துறையின் காக்கை காலையில்தான் கத்திவிட்டுப் போயிருந்தது. ஆகவே இது அவசரம் இல்லை, அவசரத்துக்கு முந்தைய நிலை என்பது அவர் முடிவு. பாயை எடுத்துவந்து சேமிப்பறைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டார். நேர்மையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவரும்தான் பட்டினி கிடந்தார். உள்ளே பிள்ளைகள் அழுத சத்தத்தில் அவர் கை இரண்டு தடவை கழுத்துச் சாவி வரைக்கும் போனது. இரண்டு தடவையும் அதைக் கீழே இறக்கிவிட்டார்.

மத்தியானம் பசி மயக்கத்தில் அவர் கண்ணயர்ந்தார். செங்கமலம் அடுப்புக்குப் பின்னால் இருந்த பெரிய பானையை நகர்த்திவிட்டுச் சுவரைப் பறிக்க ஆரம்பித்தாள். பெருச்சாளிக்கு ஈர மண் ஒரு பொருட்டா. பூரணம் மண்ணைப் பின்காலால் ஒதுக்கித் தள்ளினாள். அரை மணி நேரத்தில் செங்கமலத்தின் தலை சேமிப்பறைக்குள் நீண்டது. பூட்டுப் போட்ட நாளிலிருந்து அவள் அந்த அறையைப் பார்த்ததில்லை. கூரை வரைக்கும் அடுக்கியிருந்ததைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு அவலும் வெல்லமும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். சத்தம் வராமல் மெல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

புருஷனை விட்டுவிட்டுச் சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. ஊறவைத்த அவலை ஓர் இலையில் வைத்துக் கொண்டுபோய் எழுப்பினாள். இது ஏது என்று அவர் கேட்டார். அவள் பதில் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“படகு வந்துச்சுங்க. துறையிலேர்ந்து குடுத்துட்டுப் போனாங்க.”

கோதண்டம் ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவசரப்பட்டுத் திறந்திருந்தால் எவ்வளவு அசிங்கமாகப் போயிருக்கும் என்றார். துறை என்று ஒன்று இருப்பது சும்மா இல்லை என்றும் சொன்னார். வயிறு நிறைந்ததும் மறுபடியும் கதவில் சாய்ந்து காவலைத் தொடர்ந்தார்.

மழை ஒன்பது நாள் நீடித்தது. படகு தினமும் ‘வந்தது’. ஒரு நாள் படகுக்காரருக்கு நேரில் நன்றி சொல்லவேண்டும் என்று கோதண்டம் எழுந்தார். அது நிற்பதில்லை, பொட்டலத்தை வீசிவிட்டுப் போய்விடும் என்று செங்கமலம் அவரை உட்காரவைத்தாள். சங்கதி எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. தண்ணீர் புகுந்த மற்ற வளைகளில் இருந்தும் அடுப்பங்கரைப் பக்கமாக வர ஆரம்பித்தார்கள். யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒன்பதாம் நாள் மழை விட்டபோது அறைக்குள் ஒரு டார்ச் லைட் மட்டும் இருந்தது. மெழுகுவத்திகளைக்கூடப் பிள்ளைகள் விட்டுவைக்கவில்லை.

வெயில் வந்த அன்றே கோதண்டம் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். படகு ஒரு நாள் தவறாமல் வந்ததையும், வெல்லம் சற்றுப் பழையது என்பதைத் தவிர உணவில் குறையில்லை என்பதையும் குறிப்பிட்டார். இந்த உதவியால் தன் சேமிப்பறையைத் தொடவேண்டிய தேவையே ஏற்படவில்லை, போட்ட பூட்டு போட்டபடி இருக்கிறது என்று முடித்திருந்தார்.

துறையின் துணை இயக்குநர் தணிகாசலம் என்ற நரி. அலுவல் நேரத்தில் யாரையும் தின்னமாட்டார் என்று பெயர் எடுத்தவர். துறையிடம் ஒரே ஒரு படகுதான் இருந்தது. அது கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை. படகை எடுக்க ஒரு படிவம் உண்டு. அதில் பெய்த மழையின் அளவை எழுதவேண்டும். மழையை அளக்கும் பாத்திரத்தை முதல் நாளே வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அளவு இல்லாத படிவத்தில் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. படகு ஏன் வரவில்லை என்று கேட்டு மேஜை நிறையக் கடிதங்கள் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் இது.

தணிகாசலம் படித்தார். வேறு ஏதாவது படகு உண்டா என்று குமாஸ்தாவிடம் விசாரித்தார். இல்லை என்றதும் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பூமாலைக்குச் சொல்லியனுப்பினார்.

மூன்றாம் நாள் மேளம் முன்னே வர, துறையே திரண்டு கோதண்டத்தின் வளைக்கு வந்தது. முன்மாதிரிக் குடும்பம் என்று சான்றிதழ். அதற்கு முன் ஓர் ஆய்வு. படிவத்தில் மூன்று கேள்விகள்: அறை உண்டா, கதவு உண்டா, பூட்டு உடையாமல் இருக்கிறதா. மூன்றுக்கும் ஆம். திறந்து பார்க்கச் சொல்லிப் படிவத்தில் எங்கும் இல்லை. தணிகாசலம் பழக்கதோஷத்தில் கதவை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே வெறும் குடத்தைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. அவர் செங்கமலத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து நரியாக இருப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“உறுதியான கதவு,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு கோதண்டம் ஒரு முடிவுக்கு வந்தார். சான்றிதழ் வாங்கிய நாள், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுப்பதில் தப்பில்லை. அவராகவே சாவியைக் கழற்றினார். அவராகவே கதவைத் திறந்தார்.

அறையின் அந்தக் கோடியில் ஒரு வட்டமான ஓட்டை. அதன் வழியாக அடுப்பும், அடுப்புக்கு முன்னால் பூரணமும், அவள் மடியில் தூங்குகிற குட்டிகளும் தெரிந்தன. அவர் நின்றது நின்றபடி நின்றார். செங்கமலம் பின்னால் வந்து நிற்பது தெரிந்து, திரும்பாமலேயே கேட்டார்.

“அப்ப படகு?”

“படகு எங்கங்க வந்துச்சு.”

கோபம் வந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தார். அந்த ஓட்டை வழியாகத் தன் கடைசிப் பிள்ளை கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்தார். இத்தனை நாளும் இந்தக் கதவுக்கு முதுகு கொடுத்து எதைக் காவல் காத்தோம் என்று நினைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். செங்கமலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“சொல்லியிருந்தா நீங்க சாப்பிட்டிருக்கமாட்டீங்க.”

அது உண்மை.

மறுநாள் காலையில் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு துறைக்குப் போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தணிகாசலம் டீ வரவழைத்துக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அச்சாகி வந்திருந்த புதிய ஆணையைக் காட்டினார். வீட்டுக்கு வீடு பூட்டிய சேமிப்பறை கட்டாயம். அது இருப்பதால் இனி மீட்புப் படகு தேவையில்லை. மக்களுக்குப் பயிற்சி தரச் சேமிப்பு ஆலோசகராகத் திரு. கோதண்டம் நியமிக்கப்படுகிறார்.

“உண்மையை வெளியில சொல்றதுன்னா தாராளமா சொல்லலாம் சார்,” என்றார் தணிகாசலம். “ஆனா வராத படகை வந்துச்சுன்னு எழுதி அனுப்பினது உங்க கையெழுத்து. விசாரணைன்னு வந்தா வீட்டம்மாவையும் கூப்பிடுவாங்க.”

கோதண்டம் டீயைக் குடித்து முடித்தார். நியமனக் கடிதத்தில் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு காகிதத்தைப் படிக்காமல் போட்டார்.

இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் வளையின் முன்வாசலில் பயிற்சி வகுப்பு நடக்கிறது. குடும்பத் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்து, எந்தப் பூட்டு வாங்குவது, சாவியை எப்படிக் கழுத்தில் கட்டுவது, வீட்டில் எவ்வளவு கெஞ்சினாலும் எப்படி மனம் இளகாமல் இருப்பது என்று கேட்டுக்கொள்கிறார்கள். அதே நேரத்தில் அவர்கள் மனைவிமார்கள் கொல்லைப்பக்கம் கூடுகிறார்கள். சுவரில் மண் எந்த இடத்தில் இளக்கமாக இருக்கும் என்று செங்கமலம் தொட்டுக் காட்டுகிறாள். பூரணம் மண்ணை ஒதுக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுக்கிறாள்.

சில சமயம் மண் பறிக்கிற சத்தம் முன்வாசல் வரைக்கும் கேட்கும். அப்போது கோதண்டம் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார்.

நீதி: அவசரகாலச் சேமிப்பறைக்கு முன்பக்கம் ஒரு நல்ல பூட்டும், பின்பக்கம் ஒரு நல்ல ஓட்டையும் அவசியம். பூட்டுக்குச் சான்றிதழ் கிடைக்கும்; ஓட்டையில் சோறு கிடைக்கும். இரண்டையும் ஒரே படிவத்தில் எழுதாதவரை குடும்பமும் பிழைக்கும், துறையும் பிழைக்கும்.